எறும்புத் தாடையிலிருந்து கிளிப் வரை

மலர்க் குழுவிலிருந்து தொலைபேசியில் அழைத்த தம்பி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "சார், ஹாஸ்டல் மெஸ், அனாடமி ஹால், கல்ச்சுரல்ஸ் பத்தியெல்லாம் ஏகப்பட்ட பேர் எழுதிட்டாங்க. நீங்க சப்ஜெக்ட்ல ஏதாவது எழுதுங்க. ஆனா பாடம் மாதிரி வேண்டாம்." மெஸ் சாம்பாரைப் பற்றி நாற்பது வருடங்களாக நான் சேர்த்து வைத்திருந்த கருத்துகள் இவ்விதமாக அச்சேறாமல் போயின. பரவாயில்லை.

நான் எடுத்துக்கொண்ட விஷயம் குடலில் விழும் ஓட்டை. அதிலும் எழுபது, எண்பது வயதானவர்களின் பெருங்குடலில் விழும் ஓட்டை. அதை வயிற்றைக் கிழிக்காமல், எண்டோஸ்கோப் வழியாகவே அடைக்க முடியும் என்ற நிலைக்கு நாம் எப்படி வந்து சேர்ந்தோம் என்பதுதான் கதை. இதில் என் சொந்தக் கணக்கு ஒன்றும் இருக்கிறது. அதை நடுவில் சொல்கிறேன். 1974-இல் இந்தக் கல்லூரிக்குள் நுழைந்தவன் நான். இத்தனை வருடங்களில் எத்தனையோ ரீயூனியன்களில் சந்தித்தும் இதை யாரிடமும் சொன்னதில்லை.

குடல் ஓட்டையை அடைக்கும் கலை நம் நாட்டில் மிகப் பழையது. சுசுருத சம்ஹிதையில் சிகிச்சா ஸ்தானத்தில் இது வருகிறது. தொப்புளுக்குக் கீழே இடப்பக்கமாக வயிற்றைக் கீறி, குடலை வெளியே எடுத்துப் பரிசோதித்து, ஓட்டை இருந்தால் அதன் இரு விளிம்புகளையும் சேர்த்துப் பிடித்து, பெரிய கறுப்பு எறும்புகளை அங்கே கடிக்கவிட வேண்டும். எறும்பு கவ்விக்கொண்டதும் உடலைக் கிள்ளி எறிந்துவிட வேண்டும். தலையும் தாடையும் மட்டும் அப்படியே விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். பிறகு குடலை உள்ளே வைத்து வயிற்றைத் தைக்க வேண்டும். கொர்டோபாவில் வாழ்ந்த அல் ஸஹ்ராவியும் இந்த எறும்பு முறையைக் குறிப்பிடுகிறார். மாணவனாக இருந்தபோது இதைக் கேட்டுச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். பின்னால் ஒரு மானிட்டர் திரையில் கிளிப் ஒன்று வாய் திறந்து குடல் சவ்வைக் கவ்வியதைப் பார்த்தபோதுதான் சிரிப்பு அடங்கியது. ஆமாம், அதே எறும்புதான். இந்த முறை எஃகில் செய்திருந்தார்கள்.

எறும்புக்கும் கிளிப்புக்கும் நடுவே உள்ள நீண்ட காலத்தில் அறுவை மருத்துவர்கள் பலமுறை மனசு மாறியிருக்கிறார்கள். 1826-இல் பாரிஸில் லெம்பர்ட் என்பவர் குடலின் வெளிப்பரப்பும் வெளிப்பரப்பும் ஒட்டும்படி விளிம்பை உள்ளே மடித்துத் தைத்தால்தான் பிடிக்கும் என்று காட்டினார். இன்றும் நாம் போடும் லெம்பர்ட் தையல் அதுதான். ஆனால் தையல் தெரிந்திருந்தும் வயிற்றைத் திறக்கப் பயம். தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் போரில், வயிற்றில் குண்டடி பட்டவனைத் தொடாமல் விடுவதே மேல் என்பதுதான் பெரிய சர்ஜன்களின் கொள்கை. அடுத்து வந்த ரஷ்ய ஜப்பானியப் போரில் வேரா கெத்ரோய்ட்ஸ் என்ற பெண் மருத்துவர் ரயில் பெட்டியையே தியேட்டராக்கி, அடிபட்ட சில மணி நேரத்துக்குள் வந்தவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து வயிற்றைத் திறந்து காப்பாற்றினார். கவனியுங்கள், அவர் நம்பியது கத்தியை மட்டுமல்ல, கடிகாரத்தையும். 1915-க்குப் பிறகு முதல் உலகப் போரில் மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரில், வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் சர்ஜன் ஓகில்வி, பெருங்குடல் காயத்தை உள்ளே தைத்து விடாதே, வெளியே கொண்டுவந்து கொலாஸ்டமி வை என்று வலியுறுத்தினார். போர்க்களத்தில் அது சரியான யோசனைதான். போர் முடிந்த பின்பும் அது சட்டம் மாதிரி நிலைத்துவிட்டது. (இதே ஓகில்வி 1948-இல் எழுதிய இன்னொரு கட்டுரையால்தான், அடைப்பே இல்லாமல் பெருங்குடல் பலூன் போல ஊதும் நோய்க்கு அவர் பெயர் வந்தது. இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருக்கும் பாட்டிகளுக்கு வருமே, அதுதான். குடல் வெடிப்பதற்குள் கொலனோஸ்கோப்பை விட்டுக் காற்றை இறக்கலாம் என்பது 1977 முதல் வழக்கமாயிற்று. 1999 முதல் நியோஸ்டிக்மின் ஊசியும் உண்டு.) பாரிஸ் சர்ஜன் ஹார்ட்மன் 1921-இல் விவரித்த ஆபரேஷனும் இதே வரிசையில் சேர்ந்தது. கெட்ட பகுதியை எடுத்துவிட்டு, மேல்முனையை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, கீழ்முனையை மூடிவிடுவது. நாம் எல்லோரும் பரீட்சைக்கு எழுதியது. 1979-இல் ஸ்டோன், ஃபேபியன் என்ற இருவரும் அமெரிக்காவில் பெருங்குடல் காயம்பட்ட 139 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, தகுந்த காயங்களை உடனே தைத்து மூடினாலே போதும், கொலாஸ்டமி கட்டாயமில்லை என்று காட்டிய பிறகுதான் பிடி கொஞ்சம் தளர்ந்தது.

ஆனால் அவர்கள் பார்த்ததெல்லாம் பெரும்பாலும் குண்டும் கத்தியும் பட்ட இளைஞர்களை. என் கதையில் வருபவர்களுக்கு எழுபத்தைந்து, எண்பது வயது. சர்க்கரை, மூச்சிரைப்பு, கொஞ்சம் ஹார்ட் டிரபிள், ஆஸ்பிரின். காயமும் வெளியிலிருந்து வந்ததல்ல, நாமே உண்டாக்கியது.

அதற்கு எண்டோஸ்கோப் வந்த வழியையும் சொல்ல வேண்டும். 1868-இல் ஜெர்மனியில் குஸ்மால் என்பவர் வாள் விழுங்கும் வித்தைக்காரரைக் கூப்பிட்டு நேரான குழாயை விழுங்கச் செய்து இரைப்பையைப் பார்க்க முயன்றது எல்லோருக்கும் தெரிந்த கதை. வளையும் குழாய்க்கு அதன்பின் ஏறக்குறைய தொண்ணூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. 1954 ஜனவரியில் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஹாப்கின்ஸும், பஞ்சாப் மோகாவில் பிறந்த நம் நரிந்தர் சிங் கபானியும் கண்ணாடி இழைக் கற்றை வழியே படத்தைக் கடத்துவது பற்றி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதைப் படித்த தென்னாப்பிரிக்க டாக்டர் ஹிர்ஷோவிட்ஸ் லண்டனுக்கே போய் அவர்களைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை தொடங்கியது. ஒவ்வொரு இழையிலிருந்தும் வெளிச்சம் பக்கத்து இழைக்குக் கசிந்தது. ஒரு இழைக்கு மேல் வேறு வகைக் கண்ணாடியைப் போர்த்தி அந்தக் கசிவை நிறுத்தியவர் லாரி கர்ட்டிஸ், 1956 டிசம்பரில். அப்போது அவர் ஒரு பிசிக்ஸ் மாணவர், இன்னும் பட்டமே வாங்கவில்லை. இன்று நம் கல்லூரியில் முதல் வருடம் படிக்கும் பிள்ளைகள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கட்டும். 1957-இல் ஹிர்ஷோவிட்ஸ் அந்தக் கருவியை முதலில் தானே விழுங்கிப் பார்த்துவிட்டுத்தான் நோயாளியிடம் போனார்.

அதே மிச்சிகனில் ஓவர்ஹோல்ட் 1963-இல் கீழ்வழியாகப் பார்க்கும் வளையும் கருவியைச் செய்தார். 1969-இல் நியூயார்க்கில் வுல்ஃப், ஷின்யா இருவரும் கொலனோஸ்கோப்புக்குள் கம்பிச் சுருக்கை நுழைத்து பாலிப்பை அறுத்தெடுத்தார்கள். அதுவரை பாலிப்பை எடுக்க வயிற்றைத் திறக்க வேண்டும். இனி வேண்டாம். ஆனால் அன்றிலிருந்து குடல் ஓட்டைக்கு ஒரு புதிய வழியும் திறந்துவிட்டது.

ஓட்டை மூன்று விதமாக விழும். சிக்மாய்டு வளைவில் கருவி மாட்டிக்கொள்ளும்போது மேலும் தள்ளினால் நீளமாகக் கிழியும். ஏற்றிய காற்றின் அழுத்தத்தில், சுவர் மெலிந்த சீக்கம் வெடிக்கலாம். பாலிப்பை அறுக்கும் மின்சாரச் சூட்டில் சுவர் வெந்து, சில நாள் கழித்து அந்த இடம் உதிரலாம். வயதானவர்களுக்கு டைவர்டிகுலம் என்ற பைகள் இருக்கும், பழைய ஆபரேஷன் ஒட்டல்கள் இருக்கும், சுவரும் மெலிந்திருக்கும். அமெரிக்காவில் 65 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் செய்த 39,286 கொலனோஸ்கோப்பிகளில் 77 ஓட்டைகள் என்று 2003-இல் கணக்கு வந்தது. ஆயிரத்துக்கு இரண்டுக்குச் சற்றுக் குறைவு. சின்ன எண்தான். அந்த இரண்டில் ஒருவர் நம் முன்னால் படுத்திருக்கும் வரை.

இப்போது என் கணக்கு. வருடம் 1987. ஊரும் வேண்டாம், ஆஸ்பத்திரியும் வேண்டாம். ஓய்வு பெற்ற ஆரம்பப் பள்ளித் தலைமையாசிரியர், வயது 76. மலத்தில் ரத்தம் போகிறதென்று வந்தார். சீஃப் கொலனோஸ்கோப் போட்டார். அப்போது மானிட்டர் கிடையாது. கருவியின் கண்ணில் கண் வைத்துத்தான் பார்க்க வேண்டும். கூட இருப்பவர் பார்க்கப் பக்கவாட்டில் லெக்சர்ஸ்கோப் என்று ஒன்றை மாட்டுவார்கள். அதன் வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சிக்மாய்டில் மாட்டிக்கொண்டது. சீஃப் தள்ளினார். பெரியவர் "ஐயோ அம்மா" என்றார். படம் சிவந்து கலங்கியது. அப்புறம் ஒரு நொடி மஞ்சள் தெரிந்தது. வெண்ணெய்க் கட்டி மாதிரி, பளபளவென்று. குடலுக்குள் அந்த நிறம் கிடையாது. குடலுக்கு வெளியே இருக்கும் கொழுப்பின் நிறம் அது.

நான் பார்த்தேன். சொல்லவில்லை.

சீஃப் பார்த்தாரா என்று இன்றுவரை தெரியாது. அவர் கண்ணுக்கு எது தெரிந்தது, எனக்கு எது தெரிந்தது என்று பேசிக்கொள்ளும் உறவு எங்களுக்குள் இல்லை. "போதும், குடல் ரொம்ப வளைஞ்சிருக்கு" என்று கருவியை வெளியே எடுத்துவிட்டார். நான் கையுறையைக் கழற்றினேன். ஒருவேளை மலத் துணுக்காக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சீஃபிடம் "சார், ஓட்டையோ?" என்று கேட்கும் தைரியம் முப்பது வயதில் எனக்கு இல்லை.

இரவு வார்டில் போய்ப் பார்த்தேன். "வயிறு கொஞ்சம் உப்பசமா இருக்கு தம்பி, வேற ஒண்ணுமில்ல. நீங்க போய் சாப்பிடுங்க" என்றார். வயிற்றை அமுக்கினேன், மெத்தென்று இருந்தது. காய்ச்சல் இல்லை. நாடி 84. எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்ல முடியாது. மறுநாள் பிற்பகலில் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தோம். வலப்பக்க உதரவிதானத்தின் கீழே பிறை நிலா மாதிரி காற்று. அன்றிரவு வயிற்றைத் திறந்து ஹார்ட்மன் ஆபரேஷன் செய்தோம். ஒன்பதாம் நாள் நெஞ்சுச் சளியில் இறந்துபோனார். அவர் மகன் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "நீங்க ராத்திரியெல்லாம் வந்து பார்த்தீங்க டாக்டர்" என்று நன்றி சொன்னார்.

பிறகு படித்தும் பட்டும் தெரிந்துகொண்டேன். வயதானவர்களின் வயிறு பொய் சொல்லும். தசை மெலிந்திருப்பதால் பலகை போல இறுகாது. காய்ச்சல் வராமலே இருக்கலாம், வெள்ளணுக்கள் ஏறாமலே இருக்கலாம். பீட்டா பிளாக்கர் சாப்பிடுபவருக்கு நாடியும் ஏறாது. இருபது வயதுப் பையன் ஊரைக் கூட்டும் வலியை, எண்பது வயதுத் தாத்தா 'உப்பசம்' என்பார். டாக்டருக்குத் தொந்தரவு தரக்கூடாது என்ற மரியாதை வேறு. அடையாளம் தெரியட்டும் என்று காத்திருந்தால் அடையாளம் வராது, பெரிட்டோனைட்டிஸ்தான் வரும். ஆகவே வயதானவரிடம் ஓட்டையைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் வார்டு அல்ல, எண்டோஸ்கோப்பி அறை. விழுந்த அந்த நிமிடம்.

அந்த நிமிடத்தில் கண்டுபிடித்தால் ஒரு பெரிய அனுகூலமும் உண்டு. கொலனோஸ்கோப்பிக்காகக் குடலை முதல் நாளே கழுவிச் சுத்தம் செய்திருக்கிறோம். போர்க்களத்துக் குடல் போல அல்ல இது. ஓட்டை இருந்தாலும் வயிற்றுக்குள் சிந்துவதற்கு அதிகம் இல்லை. சில மணி நேரம் போனால் இந்த அனுகூலம் போய்விடும். கெத்ரோய்ட்ஸ் அம்மையாரின் கடிகாரம் இங்கேயும் ஓடுகிறது.

கிளிப் முதலில் வந்தது ரத்தப்போக்கை நிறுத்த. ஜப்பானில் 1975-இல் முதல் மாதிரி. மாட்டுவது பெரும்பாடு, அதிகம் பேர் தொடவில்லை. 1988-இல் ஹாச்சிசு அதைத் திருத்தி அமைத்த பிறகே புழக்கத்துக்கு வந்தது. 1993-இல் ஹாம்பர்க்கில் பின்மோலர் குழுவினர், இரைப்பையில் ஒரு கட்டியை அறுத்தெடுத்தபோது விழுந்த ஓட்டையைக் கிளிப்புகளால் மூடி அறிவித்தார்கள். 1997-இல் யோஷிகானே என்ற ஜப்பானிய மருத்துவரும் அவர் குழுவும் பெருங்குடல் ஓட்டையை அதே விதமாக மூடினார்கள்.

சர்ஜன்கள் சும்மா இருப்பார்களா? நானும் சர்ஜன்தானே, நானே கேட்டேன். "லெம்பர்ட் வெளிப்பரப்பை ஒட்ட வைக்கச் சொன்னார். இவங்க உள்சவ்வை மட்டும் கிள்ளிப் பிடிக்கிறாங்க, இது எங்கே நிக்கும்?" கேள்வி நியாயமானது. விடை என்னவென்றால், சின்ன ஓட்டை, சுத்தமான குடல், விளிம்பில் உயிருள்ள சவ்வு, இந்த மூன்றும் இருந்தால் நிற்கிறது. கிளிப் விளிம்புகளைச் சில நாள் பிடித்துக்கொண்டிருந்தால் போதும். வெளியே ஒமென்டம் வந்து ஒட்டி மிச்ச வேலையைப் பார்த்துக்கொள்ளும். வேலை முடிந்ததும் கிளிப் தானாகக் கழன்று மலத்தோடு போய்விடும். சுமார் 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட ஓட்டைக்கு இது போதாது. அதற்காக ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்தில் கருவியின் நுனி மேலேயே தொப்பி மாதிரி மாட்டும் பெரிய கிளிப்பைச் செய்தார்கள். கரடிப் பொறி மாதிரி பல்வரிசை, நிட்டினால் உலோகம். சுவரை முழுக் கனத்துக்கும் கவ்வும். 2007 முதல் மனிதர்களிடம் பயன்படுத்திய அறிக்கைகள் வரத் தொடங்கின. உணவுக்குழாய் முதல் பெருங்குடல் வரை இப்படி ஓட்டை விழுந்த 36 பேரிடம் செய்து பார்த்து, 89 சதவீதம் வெற்றி என்று 2012-இல் ஐரோப்பிய மருத்துவர்கள் எழுதினார்கள். சாதாரணக் காற்றுக்குப் பதில், உடல் வேகமாக உறிஞ்சிக்கொள்ளும் கார்பன் டை ஆக்ஸைடை ஏற்றும் பழக்கம் வந்ததும் பெரிய உதவி. வயிறு ஊதி உதரவிதானத்தை நெருக்கும் அபாயம் குறைந்தது.

2014-இல் எனக்கே அந்த நாள் வந்தது. பாட்டிக்கு வயது 82. வலப்பக்கப் பெருங்குடலில் தட்டையான பாலிப். அறுத்து எடுத்தேன். அறுத்த இடத்தின் நடுவில், துவரம்பருப்பு அளவு, அதே மஞ்சள். இருபத்தேழு வருடம் கழித்து அதே வெண்ணெய் நிறம். என் தொண்டை அடைத்தது உண்மை. ஆனால் வாய் திறந்து, "சிஸ்டர், ஓட்டை. மணி பார்த்து எழுதுங்க. கிளிப் எடுங்க, சர்ஜிகல் டீமுக்குச் சொல்லுங்க" என்றேன். நாலு கிளிப் போட்டேன். மூன்றாவது சரியாக விழவில்லை. பாட்டியைப் புரட்டிப் படுக்க வைத்து நாலாவதைப் போட்டேன். வயிற்றில் சேர்ந்த வாயுவை ஊசி குத்தி இறக்கினோம். ஆன்டிபயாடிக், வாய்வழி ஒன்றும் கிடையாது, சி.டி. ஸ்கேன், அதோடு ஒரே சர்ஜன் நாலு மணிக்கொருமுறை வந்து வயிற்றைத் தொட்டுப் பார்ப்பது. வெளியே போய் மகளிடம் நடந்ததை நடந்தபடி சொன்னேன். கோபப்பட்டார். கோபப்படட்டும் என்று நின்றேன். ஐந்தாம் நாள் பாட்டி ரசம் சாதம் கேட்டார். "உள்ளாரயே தச்சுட்டியாமே, தையக்காரன் கணக்கா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

எல்லாம் இப்படி முடிவதில்லை. இரண்டு வருடம் கழித்து இன்னொரு பெரியவருக்குச் சிக்மாய்டில் நீளக் கிழிசல், நுனியைத் தள்ளியதால் வந்தது. கிளிப் பிடிக்கவே இல்லை. முக்கால் மணி நேரம் முயன்று பார்க்கும் ஆசை எனக்கு இருந்தது. பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டு தியேட்டருக்கு அனுப்பினோம். கொலாஸ்டமியோடு வீட்டுக்குப் போனார். அந்தப் பையைக் கடைசிவரை அவர் வெறுத்தார். வயதானவர்களில் நிறையப் பேருக்கு அதைத் திரும்ப மூடவே முடிவதில்லை. ஆனாலும் பேத்தி கல்யாணத்துக்கு உட்கார்ந்திருந்தார். கிளிப்பை நம்பி இன்னும் ஒரு நாள் தள்ளியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று 1987-ஐ வைத்து எனக்குத் தெரியும். மூடியபின் வலி கூடினாலும், ரத்த அழுத்தம் இறங்கினாலும், வயிற்றைத் திறக்க வேண்டியதுதான். கிளிப் போட்டோமே என்ற பெருமை அங்கே குறுக்கே வரக்கூடாது.

ஐரோப்பிய எண்டோஸ்கோப்பி சங்கம் 2014-இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஓட்டை விழுந்தால் யார் என்ன செய்வது என்று ஒவ்வொரு மையமும் முன்கூட்டியே எழுதி வைத்திருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். எங்கள் யூனிட்டில் நாங்களும் எழுதி ஒட்டினோம். அதில் முதல் வரியை நான் சேர்த்தேன். அறையில் யார் மஞ்சளைப் பார்த்தாலும், டாக்டரோ, சிஸ்டரோ, தியேட்டர் உதவியாளரோ, பார்க்க வந்த மாணவரோ, உரக்க 'மஞ்சள்' என்று சொல்ல வேண்டும். இப்போதுதான் மானிட்டர் இருக்கிறதே, எல்லோருக்கும் ஒரே படம்தான் தெரிகிறது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு, வேலைக்கு வந்து மூன்றே நாளான ஹவுஸ் சர்ஜன் பெண் ஒருத்தி பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். திடீரென்று, "சார்... மஞ்சள்" என்றாள். குரல் நடுங்கியது. நான் கருவியை அப்படியே நிறுத்தினேன். அறையே நின்றது. தண்ணீர் பீய்ச்சிக் கழுவிப் பார்த்தோம். பாதிக் கடலைப்பருப்பு. முதல் நாள் கஞ்சி மட்டும் குடியுங்கள் என்று சொல்லியிருந்தும், ஐயா ரகசியமாக வடை சாப்பிட்டிருக்கிறார். சிஸ்டர் சிரித்துவிட்டார். அந்தப் பெண் முகம் சிவந்து "சாரி சார்" என்றாள். "இல்லம்மா, நல்லாப் பார்த்தே. அடுத்த தடவையும் சொல்லு" என்று சொல்லிவிட்டு மேலே போனேன்.